பதினெட்டு அங்குலம்

துறைமுகத்து இன்ஜினியர் ஆபீசில் வால்டர் இருபத்திரண்டு வருஷமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தான். படம் என்றால் கோடவுன் படம். உப்புக்கு ஒன்று, வேர்க்கடலைக்கு ஒன்று, சிமெண்டுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. தோல் கோடவுனை மட்டும் ஆபீசுக்குக் காற்று வராத பக்கமாகப் பார்த்துப் போடுவார்கள். அவன் போட்ட கோடவுன்களில் தங்கிப்போன மூட்டைகள் ஒன்றுகூட அவனைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

படத்தின் கீழ்மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அவன் பெயரின் முதலெழுத்து இருக்கும். 'வடிவமைத்தவர்' என்ற கட்டத்தில் பட்டம் வாங்கிய யாராவது ஒருவர் கையெழுத்துப் போடுவார். கடைசியாக வந்தவருக்கு வயது இருபத்தாறு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வால்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார். வால்டர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதற்கு மேல் காலேஜ். காலேஜ் பகலில் நடப்பது, பகலில் அவன் கோடவுன் போட்டுக்கொண்டிருந்தான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் நாற்பத்து மூன்று வயதிலும் அவனுக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் ராயபுரத்தில் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அய்யாத்துரை, தன்னுடைய பழைய மிளகாய் கோடவுனில் மாலைக் கல்லூரி ஆரம்பிக்கப்போவதாக அறிவித்தார். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பகலெல்லாம் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இன்டர்மீடியட் படிக்கலாம். அவருக்கு ஏன் இந்த யோசனை வந்தது என்று யாருக்கும் தெரியாது. வத்தல் வியாபாரிகள் சங்கத்துக்கே தெரியாது. பிரின்சிபாலாக, தெற்கே ஒரு கல்லூரியில் தர்க்கவியல் நடத்தி ஓய்வுபெற்ற பாஸ்கல் என்பவரை அழைத்து வந்தார்.

பாஸ்கல் கண்டிப்பான மனிதர். விண்ணப்பம் வந்த வரிசையில்தான் இடம் என்று சொல்லிவிட்டார். சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களிடம் கடிதத்தை மரியாதையாக வாங்கி, அதன் பின்பக்கத்தில் டைம்டேபிள் எழுதிக்கொண்டார்.

வால்டருக்குச் செய்தி முதல் நாளே தெரியும். ஆனால் விண்ணப்பத்தை அவன் படம் போடுகிற எழுத்தில், பென்சில் கோடு கிழித்து, இந்திய மையில் எழுதினான். 'தகப்பனார் பெயர்' கட்டத்தில் ஓர் எழுத்து சாய்ந்துவிட்டது என்று வேறு பாரம் வாங்கி மறுபடி எழுதினான். அதற்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் எண்பத்தாறு பேர் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் எண் எண்பத்தேழு.

எத்தனை பேருக்கு இடம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஹாலில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர் என்றார் பாஸ்கல். ஹால் படத்தை யார் போடுவது என்ற கேள்வி வந்தபோது, அய்யாத்துரை தனக்குத் தெரிந்த ஒரே படக்காரரின் பெயரைச் சொன்னார்.

வால்டர் காலி கோடவுனுக்குள் ஒரு பழைய சாக்கை விரித்து உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தான். கரும்பலகை எந்த உயரத்தில் இருந்தால் கழுத்து நோகாது, எந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் எழுதுகிற கையின் நிழல் நோட்டில் விழாது என்று யோசித்தான். மூட்டைக்குக் கழுத்து கிடையாது, கண்ணும் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எதையும் அவன் யோசிக்க வேண்டி வந்ததில்லை. கூரைக்குக் கீழே இருந்த காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு, உட்கார்ந்தவன் கண்மட்டத்துக்குச் சற்று மேலே பெரிய ஜன்னல்கள் போட்டான். அவனுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நடுநடுவே தும்மிக்கொண்டான், ஏனென்றால் சுவரில் இருபது வருஷத்து மிளகாய் இருந்தது.

படத்தை முடித்து எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு பெஞ்சு, ஒவ்வொன்றும் பதினோரு அடி. பல்கலைக்கழக விதிப்படி ஓர் ஆளுக்குப் பதினெட்டு அங்குலம். பெஞ்சுக்கு ஏழு பேர். மொத்தம் எண்பத்து நாலு. மூன்றாவது தடவையும் எண்பத்து நாலுதான் வந்தது. தன் கையாலேயே தன்னை வெளியே வைத்துப் படம் போட்டிருந்தான். ஆனாலும் படம் சரியான படம். கொண்டுபோய்க் காட்டினான்.

அய்யாத்துரை படத்தின் மேல் குனிந்தார். "நல்லா இருக்கு தம்பி. நடுவுல ஆறடி வுட்டிருக்கீரு. ரெண்டு ஆளு மூட்டையோட எதிரும் புதிருமா போலாம். சொவரு ஓரம் ரெண்டடி. ஈரம் ஏறாது, எலி வந்தாலும் தெரிஞ்சிரும்."

"ஆமா அண்ணாச்சி," என்றான் வால்டர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பாஸ்கல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வால்டர், இந்த ஆறடிப் பாதையில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்?"

வால்டரும் அய்யாத்துரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புஸ்தகம்," என்றார் அய்யாத்துரை.

"அது மூட்டையிலா வரும்?"

"வராதுங்களா?"

"வராது," என்றார் பாஸ்கல். "நடுவில் நாலடி போதும். சுவர் ஓரத்து இரண்டடி இருக்கட்டும். இல்லாவிட்டால் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள்."

பாதையின் இரண்டு பக்கமும் ஓரடி கூடி, பெஞ்சு பன்னிரண்டு அடியாயிற்று. பெஞ்சுக்கு எட்டுப் பேர், மொத்தம் தொண்ணூற்றாறு. வால்டர் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலில் நுழைந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான். தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரிடம், மூட்டையை மறந்துபோனதற்காக நன்றி சொன்ன ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

பிப்ரவரியில் தச்சர் தவசிமுத்து மாதிரிக்கு ஒரு பெஞ்சு செய்து கோடவுனில் போட்டார். அவர் அய்யாத்துரையின் ஊர்க்காரர். எதையும் ஆள் வைத்துப் பார்க்காமல் அடுத்ததைச் செய்யமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், விண்ணப்பம் போட்டிருந்த துறைமுகத்து ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு வந்தார். முன்னால் வந்தவன் இக்னேஷியஸ். கப்பலில் சரக்கு இறக்கும் கேங்கில் வின்ச் எந்திரம் ஓட்டுகிறவன், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், எண் பதினாலு.

இக்னேஷியஸ் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவன், அதற்குப் பக்கத்தில் ஒருவன். ஆறாவது ஆள் உட்கார்ந்தபோது பெஞ்சு முடிந்துவிட்டது.

"நவுரு, நவுரு," என்றான் ஏழாமவன்.

"எங்க நவுர்றது? அந்தாண்ட தரைதான் கீது," என்றான் ஆறாமவன்.

இக்னேஷியஸ் இரண்டு தோள்களுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் திருப்பினான். "இன்னா சார், கொயந்தைங்க பெஞ்சா இது? ஆறு பேருக்கு மேல போவாது. ஏயாவது ஆளு மடிலதான் குந்தணும்."

வால்டர் டேப்பைப் பிடித்தான். தோளோடு தோளாக ஆறு பேர், பதினோரு அடி பதினோரு அங்குலம். ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டடி. பத்து வயதிலிருந்து பாரம் தூக்கியும் சங்கிலி இழுத்தும் வளர்ந்த தோள்கள், விதியைப் படித்துவிட்டு வளர்ந்தவை அல்ல. பன்னிரண்டு பெஞ்சு, ஆறு பேர். எழுபத்திரண்டு. கணக்குப் போடுவதற்கு அவனுக்குப் பென்சில்கூட வேண்டியிருக்கவில்லை.

"சரி, போய்ச் சாப்பிடுங்க," என்றான்.

அவர்கள் போன பிறகு தவசிமுத்து கேட்டார்: "பெஞ்சு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் பெருசு. எத்தன பேருன்னு எழுதப் போறிய?"

"விதியில பதினெட்டு அங்குலம்னு இருக்கு."

"விதிக்கு யாரை ஒக்கார வச்சு அளவு எடுத்தாவ?"

வால்டர் டேப்பைச் சுருட்டினான். படத்தில் எட்டு என்றே இருந்தது, அவன் அதைத் தொடவில்லை. பொய்யாக ஒரு கோடும் போடவில்லை. பார்த்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ராயபுரத்தில் எல்லாரும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். வால்டரும் நின்றான். எந்தக் கட்டளையை மீறியதாகச் சொல்வது என்று வரிசையில் நின்றபடியே யோசித்தான். களவா? யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. பொய்ச்சாட்சியா? யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பத்துக் கட்டளைகளிலும் பெஞ்சைப் பற்றி எதுவும் இல்லை. தன் முறை வருவதற்கு முன் வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு வந்துவிட்டான். மனசு மட்டும் லேசாகவில்லை.

மார்ச் மூன்றாம் வாரம் பல்கலைக்கழக அனுமதிக் குழு பார்வையிட வருகிறது என்று கடிதம் வந்தது. குழு ஆட்களை உட்காரவைத்துக் காட்டச் சொன்னாலும் சொல்லும் என்று வால்டர் எட்டுப் பேரைத் தயாராக வாசலில் நிறுத்தி வைத்தான். கோயிலில் மணியடிப்பவர். தந்தி ஆபீஸ் குமாஸ்தா. ஒரு தையல்காரர். அச்சாபீசில் பிழை திருத்தும் இருவர். மருந்துக்கடையில் மருந்து கலக்குகிறவர். கத்திவாக்கத்திலிருந்து, டைபாய்டு காய்ச்சலில் விழுந்து அப்போதுதான் எழுந்திருந்த அண்ணன் தம்பி இருவர். எட்டுப் பேரும் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி பிடித்து நாலு வாரம் ஆகியிருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் உயரமான, நிதானமான மனிதர். மடக்கு ஸ்கேல் ஒன்றைச் சொந்தமாகவே கொண்டுவந்திருந்தார். ஜன்னலை அளந்தார், கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் உள்ள தூரத்தை அளந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தும்மினார். எல்லாம் திருப்தி.

"எட்டுப் பேரை உட்கார வையுங்கள், பார்க்கலாம்."

எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகும் ஓரத்தில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

"இன்னும் ஒருவர்கூட உட்காரலாம் போலிருக்கிறதே," என்றார் தலைவர்.

அய்யாத்துரையின் முகம் மலர்ந்தது. "ஒம்பதுன்னா ஒம்பது! மொத்தம் நூத்தியெட்டு. நல்ல எண்ணுங்க."

வால்டருக்கு வியர்த்துவிட்டது. "வேண்டாம் சார்," என்றான். "விதி பதினெட்டு அங்குலம். அதுல ஓர் அங்குலம் குறைஞ்சாலும் படிக்கிறவங்களுக்குக் கஷ்டம். படிக்க வர்றவங்க நெருக்கியடிச்சு உக்காரக் கூடாது சார்." அவன் குரல் நடுங்கியது. வேறு காரணத்துக்காக நடுங்கியது.

தலைவர் ஸ்கேலை மடக்கிப் பையில் வைத்தார். பிறகு அறிக்கையில், மாணவர்களின் வசதியில் இவ்வளவு அக்கறை கொண்ட ஒருவரைத் தாம் கண்டதில்லை என்று ஒரு வரி சேர்த்தார். படத்தைக் கையில் வாங்கி, "வடிவமைத்தவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே, உங்கள் பெயரை எழுதுங்கள்," என்றார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கட்டம். வால்டர் எழுதினான். அவன் எழுத்து மறுபடியும் சாய்ந்தது, இந்தத் தடவை திருத்தி எழுத முடியவில்லை.

ஜூலையில் கல்லூரி திறந்தார்கள். தொண்ணூற்றாறு பேருக்கும் சேர்க்கைச் சீட்டு போயிருந்தது. பெஞ்சுகளில் எண்களை வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தார் தவசிமுத்து. மாலை ஆறு மணிக்குத் துறைமுகத்திலிருந்தும் ரயில்வே பட்டறையிலிருந்தும் எண்ணூர் உப்பளத்திலிருந்தும் ஆட்கள் குளித்து, தலைசீவி, நோட்டும் கையுமாக வந்தார்கள். வால்டர் புதுச் சட்டை போட்டிருந்தான். அவனுடைய எண்பத்தேழு பதினோராவது பெஞ்சில் ஏழாவது இடம்.

அவன் போனபோது அந்தப் பெஞ்சில் ரயில்வே பட்டறை ஃபிட்டர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் இடம் முடிந்திருந்தது. எண்பத்தேழு யாருடைய தொடைக்கடியிலோ இருந்தது. வால்டர் பெஞ்சின் பக்கத்தில் நின்றான். சுற்றிலும் பார்த்தான். பன்னிரண்டு பெஞ்சிலும் ஆறு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொரு பெஞ்சு ஓரத்திலும் இரண்டு பேர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

பாஸ்கல் மேடையேறி நிற்பவர்களை எண்ணினார். இருபத்து நாலு பேர்.

"வால்டர், கணக்கில் தவறா?"

"கணக்கு சரிதான் சார்."

"இடம் இருப்பவர்களுக்குத்தான் நமக்கு அனுமதி. வருத்தமாகத்தான் இருக்கிறது. கடைசி இருபத்து நாலு எண்களை எடுத்துவிடுகிறேன். எழுபத்து மூன்றிலிருந்து." அவர் பதிவேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

வால்டர் திரும்பிப் பார்த்தான். தன் இடம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவனோடு இன்னும் இருபத்து மூன்று பேர் குளித்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் அவர்கள் இன்று வந்தே இருக்கமாட்டார்கள். வெட்கமாக இருந்தது அவனுக்கு. அவ்வளவு பேருக்கு முன்னால் நடுப்பாதையில் வந்து நின்றான்.

"சார், எனக்கு முன்னாடியே தெரியும். பிப்ரவரியில ஆட்களை உக்கார வச்சுப் பார்த்தேன். ஆறு பேர்தான் உக்காந்தாங்க. எட்டுன்னே விட்டுட்டேன். குழு வந்தப்போ ஒல்லியான ஆட்களாப் பார்த்துக் கூட்டிட்டு வந்தேன்."

"ஏன்?"

"என் நம்பர் எண்பத்தேழு சார்."

பாஸ்கல் தலையசைத்தார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீங்கள் உண்மை சொன்னதால் பெஞ்சு நீளமாகிவிடவில்லை." பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

இரண்டாவது பெஞ்சில் இக்னேஷியஸ் எழுந்தான். எழுந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

"சார், கொஞ்சம் இரு சார். அவரு மட்டுமா பாத்தாரு? அன்னிக்கு குந்தினது நாங்க. ஆறு பேர்தான் புடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? நான் வாயத் தொறக்கல. என் மச்சான் நம்பர் தொண்ணூத்தி ஒண்ணு."

அடுத்த பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "எங்க அண்ணன் எய்பத்தி நாலு சார்."

"என் தோஸ்து எய்பத்தொம்போது," என்றான் இன்னொருவன்.

வாசலில் நின்றிருந்த அய்யாத்துரை தொண்டையைக் கனைத்தார். "தவசிமுத்து எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டான். பின்னால பாத்துக்கிடலாம்னு இருந்துட்டேன்."

"ஒன்பது பேர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றார் பாஸ்கல்.

"அது அந்த நேரத்து சந்தோசம்."

பாஸ்கல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் தர்க்கவியல் நடத்திய மனிதருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இக்னேஷியஸ்தான் பேசினான்.

"சார், கப்பல் அடியில எறங்குற கேங்குல எட்டுப் பேரு. உள்ள நின்னு வேலை செய்ய எடம் ஆறு பேருக்குத்தான் இருக்கும். அதுக்காக ரெண்டு பேரை வூட்டுக்கா அனுப்பிடுறோம்? ரெண்டு பேரு வெளிய நிப்பான். கால் மணிக்கு ஒருக்கா மாத்து. எட்டுப் பேரும் நிப்பான், எட்டுப் பேரும் செய்வான். பத்து வருசமா இப்டிதான் போய்க்கினு கீது."

பாஸ்கல் ஒரு சிபாரிசுக் கடிதத்தின் பின்பக்கத்தை எடுத்தார். பெஞ்சுக்கு எட்டுப் பேர். ஒரு நேரத்தில் நிற்பவர் இருவர். வகுப்பு அறுபது நிமிஷம். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் நிற்பு. போட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போட்டார்.

"மீதி வரவில்லை," என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஏதோ மகிழ்ச்சி தெரிந்தது. விதிப் புத்தகத்தையும் புரட்டினார். "ஒவ்வொருவருக்கும் பதினெட்டு அங்குல இடம் இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. எந்நேரமும் இருக்க வேண்டும் என்று போடவில்லை." பேனாவை மூடினார். "மணி யார் பார்ப்பது?"

"பாக்க வேணாம் சார். கால் மணி ஆச்சுன்னா கேங்குக்கு ஒடம்பே சொல்லிடும்."

வகுப்பு ஆரம்பித்தது. முதல் பதினைந்து நிமிஷம் வால்டர் சுவர் ஓரத்தில் நின்று கேட்டான். அனுமானம் என்றால் என்ன என்று பாஸ்கல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தின் நடுவில், யாரும் சொல்லாமலே, பன்னிரண்டு பெஞ்சிலிருந்தும் இருவர் இருவராக எழுந்தார்கள். பாஸ்கல் ஒரு கணம் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வால்டரின் பெஞ்சிலிருந்து எழுந்த ஃபிட்டர் காலியான இடத்தைக் கையால் காட்டினார். வால்டர் அசையவில்லை.

"நீங்க உக்காருங்க," என்றான் மெதுவாக. "நான் நின்னுக்கிறேன். வகுப்பு முடியற வரைக்கும் நிக்கிறேன். நான் பண்ணதுக்கு அதுதான் நியாயம்."

ஃபிட்டருக்கு அவனை யாரென்றே தெரியாது. எரிச்சலோடு பார்த்தார். "இன்னா நைனா பேஜாரு பண்ற? நீ நின்னா அடுத்த மாத்து இடிக்கும். எனக்கு அப்பால நிக்கிறவன் எங்க போவான்? குந்து."

வால்டர் உட்கார்ந்தான். பலகை சூடாக இருந்தது. இரண்டு பக்கமும் தோள்கள் வந்து அழுத்தின. தோளைக் குறுக்கி, நோட்டை முழங்காலில் வைத்து, பாஸ்கல் சொன்ன முதல் வரியை எழுதினான். நாற்பத்து மூன்று வயதில் அவன் கல்லூரியில் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தான். தூக்க இடமில்லை.